கணிப்பொறியில் உயர் தெளிவு ஒலி: கேட்பதும் காப்பதும்

மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது மாட்டுப்பட்டி. 1953-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையும், 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பெற்ற கால்நடைப் பண்ணையும் இவ்வூரைப் பலரும் அறியச் செய்தன. இங்குக் காணத்தக்கவை பல உள்ளன. கேட்கத்தக்கவையும் பல உள்ளன. விடியற்காலையில் சோலைக்காட்டின் புதர்களிடையே எழும் பறவைகளின் பாட்டு, நீர்த்தேக்கத்தின் கரைக்கு வரும் யானைகளின் உறுமல், அந்தி நேரத்தில் நீர்ப்பரப்பின்மேல் பறக்கும் வௌவால்களின் ஒலி, தேயிலைத் தோட்டங்களில் முதியோர் பாடும் பழம் பாடல்கள், மலைக்குடிகளாகிய முதுவர்களின் பேச்சு ஆகிய யாவும் இப்பகுதியின் ஒலிச் செல்வங்களாகும்.

இவற்றைப் பதிவு செய்யும் கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. பள்ளி ஆசிரியரும் களப்பணியாளரும் சட்டைப் பையில் அடங்கும் கருவியொன்றைக் கொண்டு, முன்னாளில் வானொலி நிலையங்களே செய்யக்கூடியதாக இருந்த பணியைச் செய்ய முடிகிறது. எனினும், அவ்வாறு பதிந்த கோப்பைக் கணிப்பொறியில் இட்டுக் கேட்கும்போது ஐயங்கள் பல எழுகின்றன. 'உயர் தெளிவு' என்று பெயரிடப்பட்ட கோப்பு உண்மையிலேயே உயர்ந்த தெளிவுடன் ஒலிக்கிறதா? எண்கள் பெரியனவாக இருந்தால் ஒலியும் சிறந்ததாகுமா? எந்தப் பதிவுக்கு எந்த அளவு போதுமானது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலி எண்ணாக மாறும் வகை

ஒலி என்பது காற்றில் தோன்றும் அழுத்த மாறுபாடு. ஒலிவாங்கி அம்மாறுபாட்டை மின் அழுத்த மாறுபாடாக ஆக்குகிறது. கணிப்பொறியோ எண்களை மட்டுமே அறியும். ஆகவே மின் அழுத்தத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளந்து, அவ்வளவுகளை எண்களாக எழுதி வைக்கவேண்டியிருக்கிறது. இதற்கு மாதிரியெடுத்தல் என்று பெயர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீர்த்தேக்கமொன்றின் நீர்மட்டத்தை ஊழியர் ஒருவர் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வருகிறார் என்று கொள்வோம். அவருடைய குறிப்பேட்டின் தரம் இரண்டு செய்திகளைப் பொறுத்தது. ஒன்று, எத்தனை மணிக்கு ஒரு முறை அவர் அளவெடுக்கிறார் என்பது. மற்றொன்று, அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இடப்பட்டுள்ளன என்பது. நாள்தோறும் காலையில் ஒரு முறை மட்டும் அளந்தால், பிற்பகல் மழையில் ஏறி இரவில் வடிந்த வெள்ளம் குறிப்பேட்டில் இடம்பெறாது. கோலில் மீட்டர்க் கோடுகள் மட்டும் இருந்தால், ஓர் அங்குல ஏற்றத்தை அதில் காண முடியாது.

ஒலிப்பதிவிலும் இவ்விரண்டே அடிப்படை. வினாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவும் எத்தனை இரும இலக்கங்களால் எழுதப்படுகிறது என்பது பிட் அளவு. 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் எனப்படும் குறுந்தட்டில் மாதிரி வீதம் 44,100. பிட் அளவு 16. இதனைக் காட்டிலும் உயர்ந்த அளவுகளையுடைய கோப்புகளே பொதுவாக உயர் தெளிவுக் கோப்புகள் எனப்படுகின்றன. 24 பிட் அளவில், 96,000 அல்லது 1,92,000 மாதிரி வீதத்தில் அமைந்தவை இவற்றுள் பெரும்பான்மையானவை.

மாதிரி வீதம் உணர்த்துவது யாது?

ஓர் அலையைப் பிழையின்றி மீட்க வேண்டுமாயின், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுக்கவேண்டும். 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கருத்துக்கு அடிகோலியது. 1949-இல் கிளாட் ஷானன் இதனைத் தெளிவான தேற்றமாக நிறுவினார். இதன்படி 44,100 வீதத்தில் பதியும் கோப்பில் 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் அடங்கும். 96,000 வீதத்தில் 48,000 ஹெர்ட்ஸ் வரையில் அடங்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடையே 'விடுபட்ட' ஒலி இருப்பதாகவும், வீதத்தை உயர்த்தினால் அவ்விடைவெளி நிரம்பி ஒலி வழுவழுப்பாகும் என்றும் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. எல்லைக்கு உட்பட்ட அதிர்வெண்களைப் பொறுத்தவரையில், எடுத்த மாதிரிகளைக் கொண்டே இடையிலுள்ள அலைவடிவம் முழுவதையும் மீட்டுவிடலாம் என்பதுதான் ஷானனின் தேற்றம். வீதத்தை உயர்த்துவதால் கிடைப்பது, எல்லைக்கு அப்பாற்பட்ட உயர்ந்த அதிர்வெண்களே.

எல்லைக்கு மேற்பட்ட ஒலி உள்ளே நுழைந்துவிட்டால் தீங்கு விளையும். சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். படமெடுக்கும் வேகம் சக்கரத்தின் வேகத்திற்குப் போதாமையே அதற்குக் காரணம். அவ்வாறே, 30,000 ஹெர்ட்ஸ் ஒலியை 44,100 வீதத்தில் தடுப்பு ஏதுமின்றிப் பதிந்தால், அது 14,100 ஹெர்ட்ஸ் ஒலியாகப் பொய்வடிவில் தோன்றும். இதனைத் தவிர்க்கவே பதிவுக் கருவிகளில் மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு வடிகட்டி அமைக்கப்படுகிறது.

பிட் அளவு உணர்த்துவது யாது?

16 பிட் கொண்டு 65,536 படிகளையும், 24 பிட் கொண்டு 1,67,77,216 படிகளையும் குறிக்கலாம். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருவதால், 16 பிட்டின் வீச்சு சுமார் 96 டெசிபெல். 24 பிட்டின் வீச்சு கணக்கின்படி சுமார் 144 டெசிபெல். மின் கருவிகளிலேயே இயல்பாக எழும் இரைச்சலின் காரணமாக, இவ்வீச்சு முழுவதும் நடைமுறையில் கிட்டுவதில்லை.

கேட்பவருக்கு 16 பிட் பெரும்பாலும் போதுமானது. பதிவு செய்பவருக்கோ 24 பிட் உறுதுணையாகும். மிருதங்கம் இதற்குத் தக்க சான்று. 1920-இல் சர் சி. வி. இராமன், சிவகாளிகுமார் என்பவருடன் சேர்ந்து, மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஒத்திசைவுடையன என்று எடுத்துக்காட்டினார். 1934-இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். சாதாரணப் பறைகளின் தோலில் எழும் அதிர்வெண்கள் ஒன்றற்கொன்று இசைவற்றன. மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கருஞ்சாந்தோ அவ்வதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, ஐந்து ஒத்திசைச் சுரங்களாக அமைத்துவிடுகிறது. பாலக்காட்டு மணி ஐயர் (1912–1981) போன்ற வித்துவான்களின் வாசிப்பில், விரல் நுனியின் மெல்லிய தொடுகையும் முழு வீச்சான அடியும் அடுத்தடுத்து வருவதுண்டு. இத்தகைய வாசிப்பைப் பதியும்போது, உரத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டி அறிய முடியாது. 24 பிட்டில் பதிந்தால், ஒலி அளவைத் தாழ்வாக வைத்துக்கொண்டு உரத்த அடிக்கு இடம் விடலாம். மெல்லிய தொடுகையும் இரைச்சலில் மூழ்காது. அளவுக்கு மீறி உச்சியில் வெட்டுண்ட ஒலியைப் பின்னர் உள்ளபடி மீட்க வழியில்லை.

கோப்பின் வகைகளும் பருமனும்

ஒலிக்கோப்புகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, எண்களை உள்ளவாறே வைத்திருப்பது. 'வேவ்' கோப்பு இவ்வகையினது. இரண்டாவது, எண்களை இழப்பின்றிச் சுருக்கி வைத்திருப்பது. 2001-இல் வெளியான 'பிளாக்' இதற்கு எடுத்துக்காட்டு. மடித்து வைத்த வேட்டியை விரித்தால் முழு வேட்டியும் கிடைப்பதுபோல, இதிலிருந்து முதல் எண்கள் ஒன்றும் குறையாமல் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது, செவிக்கு எளிதில் புலப்படாது எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கிச் சுருக்குவது, எம்.பி.3 இவ்வகையைச் சேர்ந்தது. நீக்கப்பட்ட பகுதி நீக்கப்பட்டதே. அது திரும்பி வாராது.

பருமனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இரு தடங்களையுடைய 44,100/16 பதிவு ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10.6 மெகாபைட் இடம் கொள்ளும். 96,000/24 பதிவுக்கு நிமிடத்திற்குச் சுமார் 34.6 மெகாபைட், அதாவது மணிக்கு 2 கிகாபைட்டுக்குச் சற்று மேல் தேவை. 1,92,000/24 ஆயின் அதன் இரு மடங்கு. சாதாரண வேவ் கோப்பு 4 கிகாபைட் எல்லையைத் தாண்ட இயலாது. ஆகவே 1,92,000/24 இருதடப் பதிவு ஏறத்தாழ 62 நிமிடங்களில் அவ்வெல்லையைத் தொட்டுவிடும். நீண்ட நிகழ்ச்சிகளைப் பதிவோர், கருவி தானே அடுத்த கோப்பைத் தொடங்குமா என்பதை முன்னரே சோதித்தறிதல் நலம்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு லிட்டர்ப் பாலைப் பத்து லிட்டர்க் கேனில் ஊற்றுவதால் பால் பத்து லிட்டராகிவிடாது. எம்.பி.3 கோப்பைப் பிளாக் கோப்பாக மாற்றினாலும், 44,100 வீதக் கோப்பை 96,000-ஆக மாற்றினாலும் பாத்திரம்தான் பெரிதாகிறது; ஒலி வளர்வதில்லை. உயர் தெளிவு என்று பெயர் தாங்கி வரும் கோப்புகளிலும் இத்தகையவை உண்டு. 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து அதன் அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 96,000 வீதக் கோப்பில் 22,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் எல்லாம் வெறுமையாக இருப்பின், அது குறைந்த வீதத்திலிருந்து உயர்த்தப்பட்டதாக இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு.

கணிப்பொறியினுள் நிகழ்வது

கோப்பு நல்லதாக இருந்தும் ஒலி மாறி வெளிவருவது கணிப்பொறியில் இயல்பு. காரணம் இதுவே. கணிப்பொறியில் ஒரே வேளையில் பல செயலிகள் ஒலி எழுப்பக்கூடும். பாட்டு ஒருபுறம், அறிவிப்பு மணி மற்றொருபுறம். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இயக்க மென்பொருளின் வேலை. கலப்பதற்கு எல்லா ஒலிகளும் ஒரே வீதத்தில் இருக்கவேண்டும். ஆகவே அமைப்புப் பக்கத்தில் 48,000 என்று குறிக்கப்பட்டிருந்தால், 96,000 வீதக் கோப்பும் 44,100 வீதக் கோப்பும் 48,000-ஆக மாற்றப்பட்ட பின்னரே வெளியேறும். 96,000-ஐ 48,000-ஆக மாற்றுவது நேர் பாதி. 44,100-ஐ 48,000-ஆக மாற்றுவதோ 147-க்கு 160 என்னும் விகிதக் கணக்கு. நன்கு அமைந்த மென்பொருள் இம்மாற்றத்தைச் செவிக்குத் தெரியாதபடி செய்துவிடும். எனினும், திரையில் '96,000' என்று காண்பதைக் கொண்டு அதே வீதத்தில் கேட்கிறோம் என்று முடிவு செய்தல் தவறு.

கோப்பில் உள்ளவாறே கேட்க விரும்புவோர் கீழ்க்காணும் முறையைப் பின்பற்றலாம்.

1. இசைப்பானில் கோப்பின் விவரங்களைத் திறந்து, மாதிரி வீதம், பிட் அளவு, தடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

2. விண்டோஸ் கணிப்பொறியில் ஒலி அமைப்புப் பக்கத்தில் வெளியீட்டு வீதத்தைக் கோப்பின் வீதத்திற்கு ஒப்ப அமைக்க. மேக் கணிப்பொறியில் 'ஆடியோ மிடி செட்டப்' என்னும் பகுதியில் இதனைச் செய்யலாம். லினக்ஸில் ஒலி வழங்கியின் அமைப்பிலோ, 'ஆல்ஸா' வழியாகக் கருவியை நேரே தெரிந்தெடுத்தோ இதனைச் செய்யலாம்.

3. 'பூபார்2000' போன்ற இசைப்பான்களில் 'வாசாபி' தனிப்பயன் முறையைத் தெரிந்தெடுக்க வழியுண்டு. இம்முறையில் அந்த இசைப்பான் ஒன்றே ஒலிக்கருவியைப் பயன்படுத்தும். கலப்பும் வீத மாற்றமும் தவிர்க்கப்படும். அவ்வேளையில் பிற செயலிகளின் ஒலி கேளாதிருப்பது பழுதன்று.

4. ஒலியை 'மேம்படுத்துவதாக' அமைந்துள்ள துணைவசதிகளையும், தாழ்சுரம், மேல்சுரம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதிகளையும் நிறுத்தி வைக்க.

5. தலைப்பேசியை அணிவதற்கு முன் ஒலி அளவைக் குறைத்துவிட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்த்துக. உரத்த ஒலியால் கெடும் செவியைச் சீராக்க மருந்து இல்லை.

6. கம்பியில்லாத் தலைப்பேசிகளில் புளூடூத் வழியே செல்லும் ஒலி பொதுவாக இழப்புடன் சுருக்கப்பட்டே செல்கிறது. ஒப்பீட்டிற்குக் கம்பியுள்ள தலைப்பேசியைப் பயன்படுத்துவதே முறை.

எண்களை மீண்டும் மின் அலையாக மாற்றும் பகுதிக்கு 'டாக்' என்று பெயர். இது கணிப்பொறியின் உள்ளேயே இருப்பதுண்டு, யு.எஸ்.பி. வழியாக வெளியே இணைப்பதும் உண்டு. உள்ளிருக்கும் டாக்கில் கணிப்பொறியின் மின் இரைச்சல் மெல்லிய சீறலாகக் கேட்குமானால் வெளி டாக் பயன் தரும். அத்தகைய குறை இல்லையெனில், இருக்கும் பொருளை நல்ல தலைப்பேசிக்குச் செலவிடுவதே அறிவுடைமை. மடிக் கணிப்பொறியின் சிறு ஒலிபெருக்கிகள் தாழ்ந்த சுரங்களை எழுப்ப வல்லன அல்ல. அவற்றில் உயர் தெளிவுக் கோப்பை இட்டு ஆராய்வதால் பயனில்லை. பாட்டு இடையிடையே அறுபட்டால், கோப்பைக் குறைகூறுமுன், அதனைக் கணிப்பொறியின் சொந்த வட்டுக்கு நகல் செய்து, பிற செயலிகளை மூடிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்க.

செவி வேறுபாட்டை அறியுமா?

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்க வல்லது. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்குகிறது. குறுந்தட்டின் எல்லையே 22,050 ஹெர்ட்ஸ் ஆகையால், அதற்கு மேற்பட்ட வீதங்களால் கேட்பவருக்குப் பயன் உண்டா என்னும் வினா எழுவது இயல்பே.

2007-இல் மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. உயர் தெளிவுத் தட்டின் ஒலியையும், அதனையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்த ஒலியையும் மாறி மாறி ஒலிக்கச் செய்து, எது எது என்று கேட்டனர். 554 சோதனைகளில் 276 விடைகளே சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் இதே அளவு சரியாக வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் 18 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார். 12,500-க்கும் மேற்பட்ட சோதனைகளில் சரியான விடைகள் 52.3 விழுக்காடு. இது தற்செயல் அளவைவிடச் சிறிதே மிகுதி. பயிற்சி பெற்றோரிடையே இம்மிகுதி கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, வேறுபாடு அறவே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. எல்லோரும் எளிதில் உணரத்தக்க பெரும் வேறுபாடு உண்டு என்று கூறுவதும் பொருந்தாது. தலைப்பேசியின் தரமும் பதிவின் தரமும் இதனைவிடப் பன்மடங்கு முக்கியமானவை.

இதனைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டின் இரு வடிவங்களை ஆயத்தம் செய்க. இரண்டும் ஒரே உரப்புடன் ஒலிக்கவேண்டும்; சிறிது உரக்க ஒலிப்பதே 'நன்றாக' இருப்பதாகத் தோன்றுவது மனித இயல்பு. மாணவர் ஒருவர் நாணயம் சுண்டி எதை ஒலிப்பது என்று முடிவு செய்க. கேட்பவருக்கு அது தெரியலாகாது. 16 முறை செய்து, 12 அல்லது அதற்கு மேற்பட்ட விடைகள் சரியாயின், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஒலியியலோடு நிகழ்தகவுக் கணக்கையும் மாணவர் இதனால் கற்றுக்கொள்வர். 8,000, 12,000, 15,000 ஹெர்ட்ஸ் ஒலிகளைத் தாழ்ந்த அளவில் எழுப்பி, கேட்போர் கைதூக்கச் செய்தால், மாணவர் கேட்கும் ஒலி சில ஆசிரியருக்குக் கேளாதிருப்பதும் தெரியவரும்.

உயர்ந்த வீதத்தின் உண்மையான பயன்

செவிக்குப் பெரும் பயன் இல்லையாயின் உயர்ந்த வீதங்கள் எதற்கு? மாட்டுப்பட்டி போன்ற இடங்களில் பணிபுரிவோருக்கு இவ்வினாவின் விடை தெளிவானது. உலகிலுள்ள ஒலிகளெல்லாம் மனிதச் செவிக்காக எழுவன அல்ல.

வௌவால்களுள் பெரும்பாலானவை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையை அறிகின்றன. 3,84,000 வீதத்தில் பதியும் கருவிகள் இதற்கென்றே உள்ளன. அவ்வாறு பதிந்த கோப்பைக் கணிப்பொறியில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால், 45,000 ஹெர்ட்ஸ் ஒலி 4,500 ஹெர்ட்ஸாக இறங்கி, நம் செவிக்குக் கேட்கும். குறுந்தட்டின் வீதத்தில் பதிந்திருந்தால் அவ்வொலி கோப்பிலேயே இராது. எவ்வளவு மெதுவாக ஓட்டினும் பயனில்லை.

யானைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1984-இல் கேட்டி பெய்ன் அமெரிக்காவிலுள்ள விலங்குக்காட்சிச் சாலையொன்றில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதில் விழாத ஓர் அதிர்வைக் காற்றில் உணர்ந்தார். பின்னர்ச் செய்த ஆராய்ச்சியில், அவை 14 முதல் 24 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியெழுப்பித் தம்முள் தொடர்பு கொள்வது தெரியவந்தது. இவ்வொலியைப் பதிய உயர்ந்த மாதிரி வீதம் வேண்டியதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணையும் வாங்கும் ஒலிவாங்கி வேண்டும். கருவியில் காற்றிரைச்சலைக் குறைப்பதற்கென்று வைக்கப்பட்டுள்ள வடிகட்டியை நிறுத்திவிடவும் வேண்டும். கோப்பை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினால் 20 ஹெர்ட்ஸ் ஒலி 80 ஹெர்ட்ஸாக உயர்ந்து கேட்கும்.

பறவைகளின் பாட்டு பெரும்பாலும் நம் செவியின் எல்லைக்குள் அடங்குவது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒருவகையும், தெற்கே ஆனைமலை, பழனிமலைப் பகுதிகளில் மற்றொரு வகையுமாகச் சோலைக்கிளி என்னும் சிறு பறவை வாழ்கிறது. பெயரில் கிளி என்றிருப்பினும் இது கிளியினம் அன்று. 2017-இல் அறிவியலார் இதற்கெனத் தனிப் பேரினத்தை வகுத்து, அதற்குச் சோலிகோலா என்று பெயரிட்டனர். மலைத்தொடருக்கு மலைத்தொடர் இதன் பாட்டு மாறுபடுவதை 2011-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இத்தகைய ஒப்பீட்டுக்கு 48,000/24 வேவ் கோப்பு போதுமானது. சில கைப்பேசிகளின் குரற்பதிவுச் செயலியோ வினாடிக்கு 8,000 மாதிரிகளையே எடுத்து, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யாவற்றையும் விட்டுவிடுகிறது. பின்னணி ஒலியை இரைச்சல் என்று கருதி நீக்கியும் விடுகிறது. பேசுபவரின் சொல் விளங்கும். பின்னால் பாடிய பறவை இராது.

களப்பணியாளர் கைக்கொள்ளத்தக்க அளவுகள்

பேட்டி, கதை, வழக்குச் சொல் ஆகியவற்றுக்கு 48,000/24 போதும். பாட்டு, வாத்தியம் ஆகியவற்றுக்கு 48,000/24 அல்லது 96,000/24. வௌவாலுக்கு 2,56,000 அல்லது 3,84,000. பழைய ஒலிநாடாவையும் இசைத்தட்டையும் கணிப்பொறிக்கு மாற்றுவோர் குறைந்தது 48,000/24, இயன்றால் 96,000/24 கைக்கொள்ளவேண்டும் என்பது ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கத்தின் பரிந்துரை. பழைய தட்டிலுள்ள கீறல் ஒலியைப் பின்னர் நுட்பமாக நீக்குவதற்கும் உயர்ந்த வீதம் உதவும்.

பதிந்த முதற்கோப்பைத் திருத்துதல் கூடாது. அதற்கு இரு நகல்கள் எடுத்து, வேறு வேறு இடங்களில் வைக்கவேண்டும். பிளாக் கோப்பில் ஒலி எண்களின் சரிபார்ப்புத் தொகை உள்ளேயே பொதிந்திருப்பதால், ஆண்டுகள் கழிந்த பின்னும் கோப்பு கெடாமல் உள்ளதா என்று கணிப்பொறியைக் கொண்டே சோதிக்கலாம். எம்.பி.3 வடிவத்தை அனுப்புவதற்கும் வகுப்பில் கேட்பிப்பதற்கும் மட்டும் ஆக்கிக்கொள்க. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், நேரம், இடம், கருவி ஆகியவற்றை வாய்மொழியாகச் சொல்லிப் பதிவது நல்ல வழக்கம். மனிதர் குரலைப் பதிவதாயின், அவர் இசைவைப் பெற்ற பின்னரே பதிதல் வேண்டும். அப்பதிவு எதற்குப் பயன்படும் என்பதையும் அவருக்குக் கூறவேண்டும்.

1910-களிலும் 1920-களிலும் இந்திய மொழி அளவாய்வின் தொடர்பாகப் பல மொழிகளில் பேச்சும் பாட்டும் கிராமபோன் தட்டுகளில் பதியப்பெற்றன. அந்நாளைய கருவிகள் உயர்ந்த அதிர்வெண்களை வாங்க வல்லன அல்ல. எனினும் அக்குரல்களை இன்று நாம் கணிப்பொறியில் கேட்கிறோம். அப்பதிவாளர் தம் காலத்துக் கருவியை இயன்றவரை செம்மையாகக் கையாண்டு, தட்டுகளைக் காத்து வைத்ததே இதற்குக் காரணம். நம் கையிலுள்ள கருவி அவர்களுடையதைவிடப் பன்மடங்கு மேலானது. ஆயினும் பொருந்தாத அளவில் வைத்துப் பதிந்தாலோ, சுருக்கிய வடிவத்தை வைத்துக்கொண்டு முதற்கோப்பை அழித்தாலோ, அவர்களுக்குக் கிட்டிய பயனும் நமக்குக் கிட்டாது.

எழுத்து வடிவம் இல்லாத மலைமொழியின் பழம் பாடலை அறிந்த முதியவர் மறைந்த பின், அப்பாடலை மறுமுறை பதிய இயலாது. கணிப்பொறியில் கேட்கும் முறையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். நல்ல தலைப்பேசியையும் பின்னர் வாங்கலாம். பதியும் வேளையில் கோப்பில் ஏறாத ஒலியை எந்த இசைப்பானாலும் பிற்காலத்தில் மீட்க முடியாது. ஆகவே, களத்திற்குப் புறப்படுமுன் கருவியின் அமைப்புப் பக்கத்தை ஒரு முறை திறந்து, வீதம், பிட் அளவு, கோப்பு வகை, வடிகட்டி ஆகிய நான்கினையும் சரிபார்த்துக்கொள்வதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் வழக்கமாகக் கொள்வார்களாக.